கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள்: அவற்றால் விளையும் நன்மையும் தீமையும்

காய்ச்சி ஆறிய பாலில் மாலையில் சிறிது உறைமோர் விட்டு வைத்தால், விடிவதற்குள் அது தயிராகிவிடுகிறது. அரைத்து வைத்த இட்லி மாவு புளித்துப் பொங்குகிறது. எருக்குழியில் இட்ட குப்பை நாளடைவில் மக்கி எருவாகிறது. இம்மாறுதல்களைச் செய்பவை நுண்ணுயிர்கள். மேய்ச்சலில் நன்றாயிருந்த மாடு மறுநாள் பட்டியில் மாண்டு கிடப்பதற்கும் சில வேளைகளில் இவ்வினத்தைச் சேர்ந்த ஒன்றே காரணமாகிறது. ஆகையால் இவற்றைப் பற்றி அறிந்துகொள்ளுதல் குடியானவர்களுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் இன்றியமையாதது.

இவை யாவை?

நுண்ணுயிர்களில் பாக்டீரியா, பூசணம், வைரஸ் எனப் பல வகைகள் உண்டு. பாக்டீரியா பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு முதல் சில பங்குகள் வரை அளவுள்ளது. பூதக்கண்ணாடியின் உதவியின்றிப் புலப்படாது. தக்க ஈரமும் சூடும் உணவும் கிடைத்தால் ஒன்று இரண்டாகவும், இரண்டு நான்காகவும் விரைந்து பெருகும். வளமான மண்ணில் ஒரு சிட்டிகைக்குள் இவை கோடிக்கணக்கில் இருக்கும். இவற்றுள் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வதில்லை. இவை இல்லையேல் உதிர்ந்த தழையும் சாணமும் மக்காமல் கிடக்கும். பயிருக்குச் சத்தும் திரும்பக் கிட்டாது.

பயிருக்குச் செய்யும் உதவி

நிலக்கடலைச் செடியை வேரோடு மெதுவாகப் பறித்து மண்ணைக் கழுவினால், வேரில் சிறு முடிச்சுகள் தென்படும். அவற்றில் ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்து, உள்ளே இளஞ்சிவப்பாயிருந்தால் அது நன்கு வேலை செய்கிறது எனக் கொள்ளலாம். அதனுள் வாழும் ரைசோபியம் என்னும் பாக்டீரியா, காற்றிலுள்ள தழைச்சத்தைக் கவர்ந்து செடிக்குக் கொடுத்து, அதற்கு ஈடாகச் செடியிடம் சர்க்கரைச் சத்தைப் பெற்றுக்கொள்கிறது. கடலை, உளுந்து முதலிய விதைகளை அவ்வப் பயிருக்குரிய ரைசோபியத்தோடு ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, நிழலில் உலர்த்தி விதைப்பது இதற்காகவே. பூசணக்கொல்லி மருந்தை அதனுடன் சேர்த்துக் கலந்தால் நுண்ணுயிர் மடிந்து பயன் கெடும்.

மஞ்சளுக்கு நேரும் கேடு

சத்தியமங்கலம் வட்டாரத்து மஞ்சள் தோட்டங்களில் நீர் தேங்குமிடங்களில் கிழங்கழுகல் காண்கிறது. முதலில் கீழிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகிக் காயும்; பிறகு தண்டின் அடி இளகும்; கிழங்கு நிறம் மாறி அழுகும். பித்தியம் என்னும் பூசணம் போன்ற நுண்ணுயிரே இதற்குக் காரணம். நோயற்ற தோட்டத்து விதைக் கிழங்கையே நடவேண்டும். வடிகால் செம்மையாக இருக்கவேண்டும். டிரைகோடெர்மா விரிடி என்பது தீய பூசணத்தைத் தாக்கும் நல்ல பூசணம். ஏக்கருக்கு 1 கிலோ வீதம் அதை மக்கிய தொழுவுரத்தில் கலந்து இடலாம்.

அடைப்பான் என்னும் கொடிய நோய்

நுண்ணுயிரால் வரும் நோய்களில் மிகவும் அஞ்சத்தக்கது அடைப்பான். இதற்குக் காரணமான பாக்டீரியாவை 1876ல் ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய மருத்துவர் ஐயமறத் தெளிவாக்கினார். 1881ல் பிரான்சு தேசத்து லூயி பாஸ்டர் பலர் முன்னிலையில் ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டுப் பரீட்சித்தார்; ஊசி போடாத ஆடுகள் யாவும் மாண்டன, போட்டவை ஏறத்தாழ எல்லாம் பிழைத்தன. காட்டு விலங்குகளையும் இந்நோய் விடுவதில்லை. கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டிப் பகுதியில் 2021 ஜூலையில் காட்டு யானை ஒன்று இதனால் மாண்டது. காட்டோரத்தில் மாடு மேய்ப்போர் இதை மறக்கலாகாது.

நோய் கண்ட மாடு கடுங்காய்ச்சலுற்றுச் சில மணி நேரத்தில் இறந்துவிடக்கூடும். இறந்தபின் வயிறு விரைவில் உப்பும். மூக்கு, வாய், ஆசனவாய் வழியே உறையாத கருநிற இரத்தம் ஒழுகலாம்.

மாடு போன நஷ்டத்தில் தோலையாவது விற்போம் என்றெண்ணி உடலை அறுப்பதே பெருங்கேடு. அறுக்காத உடலில் இக்கிருமிகள் அழுகலினால் சில நாட்களில் மடியும். அறுத்தாலோ, காற்றுப் பட்டவுடன் அவை கெட்டியான கூடு கட்டிய வித்துக்களாக மாறி, வெயிலுக்கும் மழைக்கும் தப்பி, மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கும். ஒரு தோலின் விலைக்காக மேய்ச்சல் நிலம் பேரன் காலம் வரையில் நஞ்சாகிவிடும். அறுத்தவர் கையிலும் கருமையான புண் உண்டாகும். கவனியாவிடில் உயிருக்கே ஆபத்து.

செய்யத்தக்கவை

திடீரென மாண்ட கால்நடையை அறுக்கவோ, உரிக்கவோ, தின்னவோ கூடாது. நாய், கழுகு நெருங்காமல் காவல் வைத்து, உடனே கால்நடை மருத்துவருக்கும் கிராம அதிகாரிக்கும் அறிவிக்கவேண்டும். மருத்துவர் சொற்படி உடலை முற்றும் எரிக்கவோ, நீர்நிலைக்கு எட்டத்தில் 6 அடிக்குக் குறையாத ஆழத்தில் புதைக்கவோ வேண்டும். தொட்டவருக்குக் காய்ச்சலோ புண்ணோ கண்டால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். ஆரம்பத்தில் மருந்து கொடுத்தால் குணமாகும். நோய் கண்ட ஊர்களில் ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவித்தல் அவசியம். 1932ல் ஏற்பட்ட இராணிப்பேட்டைக் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இம்மருந்தைத் தயாரித்து வந்துள்ளது.

தடுப்பூசியின் வல்லமைக்குச் சான்று வேண்டுவோர் வெக்கை நோயை நினைத்துப் பார்க்கலாம். பட்டி பட்டியாக மாடுகளை வாரிக்கொண்டு போன அந்நோய் உலகினின்றே ஒழிந்ததென 2011ல் அறிவிக்கப்பட்டது. ஊர்தோறும் விடாமல் ஊசி போட்டதும், நோயை மறைக்காமல் அறிவித்ததுமே அதற்குக் காரணங்கள். அடைப்பானின் வித்து மண்ணில் தங்குவதால் அதை அவ்வாறு அடியோடு ஒழிப்பது அரிது. ஆயினும் ஊசியாலும் எச்சரிக்கையாலும் அதை அடக்கி வைத்தல் ஒவ்வொரு கிராமத்துக்கும் இயல்வதே.