அமுக்கியும் ஊக்கியும்: மின்கிட்டாரின் இரு துணைக்கருவிகள்

குழலூதுபவர் தம் மூச்சு உள்ளவரை ஒரு சுரத்தை நீட்டலாம். வயலின் இசைப்பவர் வில்லை இழுக்கும்வரை அச்சுரத்தை ஒரே அளவில் நிறுத்தி வைக்கலாம். கிட்டார் இசைப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. தந்தியைச் சுண்டுவதோடு அவர் அதற்கு அளிக்கும் ஆற்றல் முடிந்துவிடுகிறது. சுண்டிய கணத்தில் ஓங்கி எழும் ஒலி, எழுந்த வேகத்திலேயே தாழத் தொடங்கிப் படிப்படியாகத் தேய்ந்து மறைகிறது. இந்தக் குறையை ஈடுசெய்யும் முயற்சியில் தோன்றியவையே, இசைஞரின் காலடியில் மிதிவிசையுடன் கிடக்கும் இரு சிறு பெட்டிகள். ஆங்கிலத்தில் கம்ப்ரசர் என்றும் பூஸ்டர் என்றும் வழங்கும் அவற்றை நாம் ஈண்டு அமுக்கி என்றும் ஊக்கி என்றும் குறிப்போம். (சக்கரங்களுக்குக் காற்றடைக்கும் கடையிலுள்ள கம்ப்ரசருக்கும் இதற்கும் பெயர் ஒற்றுமை தவிர வேறு உறவில்லை. இங்கு அமுக்கப்படுவது காற்றன்று, ஒலியின் ஏற்றத்தாழ்வு.)

இவ்விரண்டும் ஒலியைப் பெருக்கும் கருவிகளே என்று பொதுவாகக் கருதப்படுகிறது. அக்கருத்து பாதியளவே சரியானது. ஊக்கி வருவதை எல்லாம் ஒரே மடங்கில் பெருக்கும். அமுக்கியோ வரும் ஒலியின் அளவைப் பார்த்துப் பெருக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

மேடையோரத்து மனிதர்

கல்லூரி விழாக்களில் ஒலிபெருக்கி அமைப்பவரை நாம் பார்த்திருப்போம். தலைமை வகிப்பவர் மெல்லிய குரலில் பேசுகின்றார். ஒலிபெருக்கிக்காரர் குமிழைக் கூட்டுகின்றார். அடுத்து வரும் சிறப்புப் பேச்சாளர் இடியென முழங்குகின்றார்; உடனே குமிழ் குறைக்கப்படுகிறது. அவையின் கடைசி வரிசையில் இருப்பவருக்கு இருவர் குரலும் ஏறத்தாழ ஒரே அளவில் கேட்கின்றன. அமுக்கியின் பணி முழுவதும் இதுவே. அந்த மனிதரின் கையை மின்சுற்றாக மாற்றி, நொடியின் ஆயிரத்தில் சில பங்குக்குள் குமிழைத் திருப்பக்கூடியதாகச் செய்துவிட்டால் அதுவே அமுக்கி.

எந்த அளவுக்கு மேல் குறைக்கத் தொடங்குவது என்பது வரையெல்லை. எவ்வளவு குறைப்பது என்பது விகிதம். விகிதம் 4-க்கு 1 எனில், வரையெல்லையை 8 டெசிபெல் மீறி வரும் ஒலி, 2 டெசிபெல் மட்டுமே மீறியதாக வெளியேறும். உச்சங்கள் இவ்வாறு தாழ்த்தப்பட்ட பின்னர் மொத்த ஒலியையும் உயர்த்திவிட்டால், மெல்லிய பகுதிகள் மேலெழுந்து கேட்கும். தந்தியின் அதிர்வு நீண்டுவிட்டதுபோல் தோன்றும். உண்மையில் தந்தி ஒரு கணமும் கூடுதலாக அதிரவில்லை. ஓயப்போகும் அதிர்வின் கடைசிப் பகுதியைக் கருவி உயர்த்திக் காட்டுகிறது, அவ்வளவே.

ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து காலடிக்கு

அமுக்கி முதலில் கிட்டாருக்காகப் பிறந்ததன்று. வானொலி நிலையங்களிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும், ஒலி எல்லை மீறிக் கருவிகளைப் பழுதாக்காமலும் பதிவைக் கெடுக்காமலும் காக்கும் காவலனாகவே அது பயன்பட்டு வந்தது. அக்காவலனையே இசையின் பங்காளியாக மாற்றிய நிகழ்ச்சிகளுள் ஒன்று 1965-ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்காவின் ஹாலிவுட் நகரில் நடந்தது. பேர்ட்ஸ் என்னும் குழுவினர், பாப் டிலன் இயற்றிய 'மிஸ்டர் டாம்பரின் மேன்' என்ற பாடலைக் கொலம்பியா நிறுவனத்தின் கூடத்தில் பதிவு செய்தனர். அக்குழுவின் ரோஜர் மெக்வின் இசைத்தது ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் பன்னிரு தந்தி மின்கிட்டார்.

ராக் இசையின் பேரொலி தம் கருவிகளைக் கெடுத்துவிடுமோ என்று அஞ்சிய ஒலிப்பொறியாளர், கிட்டாரின் ஒலியை அமுக்கியின் வழியே செலுத்தினார் என்று மெக்வின் பிற்காலத்தில் கூறியுள்ளார். கருவிக்குப் பாதுகாப்பு தேடப்போய், இசைக்குப் புதியதொரு குரல் கிடைத்தது. அமுக்கி இல்லையேல் 'தொப்' என்று விழுந்து மடிந்திருக்கக்கூடிய பன்னிரு தந்திகளின் ஒலி, மணிகள் ஒருசேரக் குலுங்குவதுபோல் நீண்டு ஒலித்தது. அப்பாடல் அவ்வாண்டு சூன் மாதத்தில் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பெற்றது.

ஆனால் கூடத்திலிருந்த கருவியோ வெற்றிடக் குழாய்கள் பொருத்தப்பட்டது; கனமானது; விலைமிக்கது. அதை ஊர் ஊராகத் தூக்கிச் செல்ல எந்த இசைஞராலும் இயலாது. 9 வோல்ட் மின்கலத்தில் இயங்கிக் கையளவில் அடங்கும் அமுக்கிக்கு இசைஞர்கள் மேலும் பல்லாண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

சிவப்புப் பெட்டியின் உள்ளே

அக்காத்திருப்பை முடித்து வைத்தவற்றுள் புகழ்பெற்றது, நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் கீத் பார், டெர்ரி ஷெர்வுட் ஆகிய இருவரும் நிறுவிய எம்எக்ஸ்ஆர் நிறுவனத்தின் டைனா காம்ப். 1970-களின் நடுப்பகுதியில் பரவிய இச்சிவப்புப் பெட்டியில் இரண்டே குமிழ்கள். ஒன்று வெளியீட்டளவுக்கு, மற்றொன்று உணர்திறனுக்கு. லிட்டில் ஃபீட் குழுவின் லோவெல் ஜார்ஜ் தம் சறுக்கு கிட்டாருக்கு இதனைப் பயன்படுத்தினார். இதன் சுற்று அனலாக் முறையைச் சார்ந்தது. அதாவது ஒலியை எண்களாக மாற்றாமல், மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமாகவே தொடக்கம் முதல் இறுதிவரை கையாள்வது.

இச்சுற்றின் இதயம் ஆர்சிஏ நிறுவனம் உருவாக்கிய சிஏ 3080 என்னும் சில்லு. சாதாரணப் பெருக்கியின் பெருக்கத்தைக் கைக்குமிழால் திருப்பி மாற்றுகிறோம். இச்சில்லிலோ, அதன் ஒரு காலுக்குச் செலுத்தும் சிறு மின்னோட்டமே பெருக்கத்தை முடிவு செய்கிறது. மின்னோட்டம் கூடினால் பெருக்கம் கூடும், குறைந்தால் குறையும். ஒலிபெருக்கிக்காரரின் கைக்கு ஈடான உறுப்பு இவ்வாறு கிடைத்துவிட்டது. இனி வேண்டுவது, ஒலியைக் கேட்டு அக்கைக்குக் கட்டளையிடும் செவி.

அச்செவியாக அமைவது ஒரு மின்தேக்கி. அதன் அளவு 10 மைக்ரோஃபாரட். 150 கிலோ ஓம் மின்தடை ஒன்றின் வழியாக அது மெல்ல மெல்ல மின்னேற்றம் பெறுகிறது. அது நிறைந்திருக்கும்போது சில்லுக்குச் செல்லும் மின்னோட்டம் மிகுதி, பெருக்கமும் மிகுதி. இசைஞர் தந்தியை ஓங்கிச் சுண்டினால், வெளியீட்டின் உச்சங்கள் இரு டிரான்சிஸ்டர்களைத் திறந்துவிடுகின்றன. அவை மின்தேக்கியில் உள்ளதை விரைந்து வடித்துவிடுகின்றன. உடனே பெருக்கம் தாழ்கிறது. ஒலி ஓய ஓயத் தேக்கி மீண்டும் நிரம்புகிறது, பெருக்கம் ஏறுகிறது. குடத்தைக் கவிழ்ப்பது நொடியில். சொட்டுச் சொட்டாக நிரப்புவது மெதுவாக. இரண்டு உறுப்புகளின் அளவுகளையும் பெருக்கினால் 1.5 நொடி என்னும் காலமாறிலி கிடைக்கிறது. இயற்பியல் மாணவர்கள் இதனை எளிதில் சரிபார்க்கலாம்.

அமுக்கியின் சுவை முழுவதும் இந்தக் கால அளவில்தான் இருக்கிறது என்பது நம் கருத்து. கவிழ்க்கும் வேகம் மிகுந்தால், சுண்டலின் கூர்முனை மழுங்கி ஒலி உயிரற்றுத் தோன்றும். வேகம் சற்றுக் குறைந்தால், அமுக்கி விழித்துக்கொள்ளும் முன்பே கூர்முனை தப்பித்து வெளியேறிவிடும். அமெரிக்க நாட்டுப்புற இசைஞர்கள் பெரிதும் விரும்பும் 'டக்' என்ற தொடக்க ஒலி அதுவே. நிரப்பும் வேகம் மிகுந்தாலோ ஒலி மூச்சிரைப்பதுபோல் விம்மும். எல்ஏ-2ஏ என்னும் ஒலிப்பதிவுக் கூடக் கருவியில் சில்லுக்கு மாறாக ஓர் ஒளிப்பலகையும், ஒளிபட்டால் மின்தடை குறையும் காட்மியம் சல்ஃபைடு உறுப்பும் இப்பணியைச் செய்கின்றன. அவ்வுறுப்பு, ஒலி தாழ்ந்ததும் தன் பழைய நிலையில் பாதியை விரைவாகவும் எஞ்சியதை மெதுவாகவும் அடையும். பொருளின் இந்தச் சோம்பல் செவிக்கு இனிமையாக அமைந்தது. எனினும் காட்மியம் நச்சுப்பொருள் என்பதால் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2006 முதல் மின்னணுக் கருவிகளில் அதன் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்டது.

கொடுப்பதும் எடுப்பதும்

அமுக்கி இலவசமாக எதையும் தருவதில்லை. இசைஞர் வாசிப்பதை நிறுத்தும்போதுதான் மின்தேக்கி முழுதும் நிரம்பி, பெருக்கம் உச்சத்தை அடைகிறது. அதாவது, பெருக்குவதற்கு இசை ஏதுமில்லாத வேளையில் கருவி முழு வலிமையோடு காத்திருக்கிறது. தந்திகள் மௌனமாக இருக்கும்போது அது எதைப் பெருக்கும்? கிட்டாரின் சுருள்கள் சுற்றுப்புறத்திலிருந்து வாங்கும் முரலொலியையும், சில்லின் உள்ளே எழும் இரைச்சலையும் பெருக்கும். இரு பாடல்களுக்கு இடையிலான அமைதியில் 'உஸ்' என்ற ஓசை அரங்கில் மெல்ல எழுவதற்குக் காரணம் இதுவே. கருவியைக் குறை கூறிப் பயனில்லை. மெல்லொலியை உயர்த்து என்று நாம் இட்ட கட்டளையைத்தான் அது நிறைவேற்றுகிறது.

இரைச்சலினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. மென்மையாகத் தொட்டால் மென்மையாகவும் அழுத்திச் சுண்டினால் வன்மையாகவும் பேசுவது நல்ல கிட்டாரின் இயல்பு. அமுக்கியை மிகுதியாகத் திருகினால் விரலின் இந்த வேறுபாடு மறைந்து, தேர்ந்த கையும் பயிலும் கையும் ஒன்றுபோல் கேட்கத் தொடங்கும். பயில்பவருக்கு அது வசதியாக இருக்கலாம். தேர்ந்தவருக்கு அது தம் கையெழுத்தை இழப்பது போன்றது. பிற்கால வடிவமைப்பாளர்கள் இதற்கு ஒரு தீர்வு கண்டனர். அமுக்காத மூல ஒலியையும் அமுக்கிய ஒலியையும் வேண்டிய அளவில் கலக்க ஒரு குமிழைச் சேர்த்தனர். மூல ஒலியிலிருந்து விரலின் கூர்மையும், அமுக்கிய ஒலியிலிருந்து நீட்சியும் கிடைக்கின்றன. வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டிய குமிழ் இதுவென்றே நாம் சொல்வோம்.

ஊக்கியின் பிறப்பு

ஊக்கி தோன்றிய வரலாறு சுவையானது. 1960-களின் இறுதியில் நியூயார்க் நகரில் எலெக்ட்ரோ-ஹார்மானிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய மைக் மேத்யூஸ், சிதைவின்றி ஒலியை நீட்டிக்கும் கருவியொன்றை வடிவமைக்குமாறு பாப் மையர் என்ற பொறியாளரைக் கேட்டுக்கொண்டார். மையர் செய்த கருவிக்குக் கிட்டாரின் மின்குறிப்பு போதாமல் இருந்ததால், அதன் முன்னே சிறு பெட்டியொன்றைத் துணைக்கு இணைத்திருந்தார். அதன் விசையைத் தட்டிய மேத்யூஸ், ஒலிபெருக்கி திடீரென முழங்கக் கேட்டு வியந்தார். அத்துணைப் பெட்டியே எல்பிபி-1 என்னும் பெயரில் 1969-இல் விற்பனைக்கு வந்தது. நீட்சியைத் தேடிப் போனவருக்கு வழியில் கிடைத்தது ஊக்கி!

ஒரே ஒரு டிரான்சிஸ்டர், விரல்விட்டு எண்ணத்தக்க மின்தடைகள், மின்தேக்கிகள். இவையே அதன் உறுப்புகள். மின்னழுத்தத்தை 20 மடங்குக்கு மேல் பெருக்கவல்லது. 6 டெசிபெல் என்றால் ஏறத்தாழ 2 மடங்கு மின்னழுத்தம், 20 டெசிபெல் என்றால் 10 மடங்கு என்பதை நினைவிற்கொண்டால் இதன் வலிமை புலப்படும். வெற்றிடக் குழாய் ஒலிபெருக்கி இத்தகைய மின்குறிப்பைத் தாங்காது. அதன் அலைமுகடுகள் வெட்டுண்டு, ராக் இசைஞர்கள் நாடும் முரட்டுச் சிதைவொலி பிறக்கும். இக்கருவிக்கும் ஒரு குறையுண்டு. இதன் நுழைவாயிலின் மின்மறுப்பு சில பத்துக் கிலோ ஓம் அளவே இருப்பதால், கிட்டாரின் சுருள்மீது சுமை ஏறி உச்ச ஓசைகள் சற்று மங்கும். பின்னாளில் வந்த தூய ஊக்கிகள் நுழைவாயிலை 1 மெகா ஓம் அளவுக்கு உயர்த்தி இக்குறையை நீக்கின.

எது முன், எது பின்

அமுக்கியையும் ஊக்கியையும் ஒரே பெட்டியில் அடக்கும் வடிவமைப்பில், எழும் முதற்கேள்வி இது. ஊக்கியை முன்னே வைத்தால், அது உயர்த்தியதை அமுக்கி மீண்டும் தாழ்த்திவிடும். தனிவாசிப்புக்காக ஊக்கியை மிதிக்கும் இசைஞர், ஒலி உயராமல் மேலும் இறுகுவதைக் கண்டு திகைப்பார். ஊக்கியைப் பின்னே வைத்தால், சமன்செய்யப்பட்ட ஒலி அப்படியே உயர்ந்து ஒலிபெருக்கியைச் சேரும். ஆகவே பின்வைப்பதே பொதுவழக்கு. இரண்டுக்கும் தனித்தனி மிதிவிசை இருத்தல் நலம். 9 வோல்ட் மின்கலத்தில் இயங்கும் ஊக்கியின் அலை அந்த 9 வோல்ட்டுக்குள் அடங்கியே ஆகவேண்டும். சில கருவிகள் 18 வோல்ட்டை ஏற்பது, அலைக்கு இருமடங்கு இடம் கொடுப்பதற்காகவே.

மெக்வினும் அமுக்கியோடு நின்றுவிடவில்லை. வாக்ஸ் நிறுவனத்தின் உச்ச ஓசை ஊக்கியைப் பிரித்துத் தம் கிட்டாரின் உள்ளேயே பொருத்திக்கொண்டார்.

சிஏ 3080 சில்லின் உற்பத்தி 2000-களில் நின்றுபோயிற்று. பழைய இருப்பைத் தேடி வாங்குவோர் ஒருபுறமிருக்க, அதே தத்துவத்தில் இரு பெருக்கிகளை ஒருங்கே கொண்ட எல்எம் 13700 என்னும் சில்லைக் கொண்டு சுற்றைத் திருத்தியமைப்போர் மறுபுறம் உள்ளனர். பற்றவைக்கும் கோலும் பொறுமையும் உள்ள மாணவர் எவரும் இதனைச் செய்து பார்க்கலாம். செய்து முடித்தபின், அலைநோக்கியின் ஒரு தடத்தில் கிட்டாரின் மின்குறிப்பையும் மறுதடத்தில் அமுக்கியின் வெளியீட்டையும் இணைத்துத் தந்தியைச் சுண்டட்டும். மேல்தடத்தில் தலை பெருத்து வால் சிறுத்த ஆப்பு வடிவம் தோன்றும். கீழ்த்தடத்தில் வயல் வரப்புப்போல் சமமான பட்டை நெடுநேரம் நிற்கும். மேல்தடம் அடங்கிக் கோடாகிவிட்ட பிறகும் கீழ்த்தடம் அடங்குவதில்லை. மயிர்க்கால்கள்போல் ஒரு நடுக்கம் மெல்லப் பருத்து வரும். முன்னர்ச் சொன்ன இரைச்சல் அதுவே.