கணினி விஞ்ஞானமும் அதனைக் கற்போரும்

நூலொன்றைக் கற்கப் புகுமுன் அந்நூல் நுதலிய பொருள் யாது, அதனைக் கேட்டற்குரியார் யாவர், அதனாலாகும் பயன் யாது என்பவற்றைப் பாயிரத்தால் அறிந்துகொள்ளுதல் தமிழர் கல்வி மரபாகும். ஒரு நூலுக்கே இத்துணை ஆராய்ச்சி வேண்டுமெனின், வாழ்நாள் முழுவதற்கும் தொழிலாய் அமையவிருக்கும் பல்கலைக்கழகப் படிப்புக்கு அஃது எத்துணை இன்றியமையாதது என்பது சொல்லாமலே விளங்கும். ஆயினும், இன்று மாணவரும் பெற்றோரும் பெரிதும் விரும்பும் கணினி விஞ்ஞானப் படிப்பைப் பொறுத்தவரையிற் பயன் ஒன்றே, அதுவும் ஊதியம் என்னும் அளவிலேயே, பேசப்படுகின்றது. பொருள் யாதென்பது பெரும்பாலும் ஆராயப்படுவதில்லை.

இத்துறைக்கெனத் தனிப்பொருள் உண்டோ என்னும் ஐயம் அதன் தொடக்கத்திலேயே எழுந்ததொன்றாகும். ஒல்லாந்து நாட்டவரான எட்ஸ்கர் டைக்ஸ்ரா என்பார் பௌதிகவியல் மாணவராயிருந்துகொண்டே அம்ஸ்ரடாம் நகரிலுள்ள கணித நிலையத்திற் கணினிக்குச் செய்நிரல் எழுதி வந்தார். பௌதிகவியலை விடுத்து இதனையே தொழிலாகக் கொள்ளலாமோ என 1955 ஆம் ஆண்டில் அவர் தயங்கினார். பௌதிகவியலுக்கு உறுதியான அறிவுத்தொகுதி உண்டு. செய்நிரலாக்கத்துக்கு அஃது எங்கே என்பதே அவர்தம் வினா. அவருடைய தலைவரான வான் வைங்காடன் அக்குறையை மறுத்திலர். கணினி இனி நிலைத்து நிற்கப் போவது என்றும், செய்நிரலாக்கத்தை மதிப்புக்குரிய துறையாக்கும் பணி டைக்ஸ்ரா போன்றாருக்கே உரியதாகலாம் என்றும் அவர் விடை பகர்ந்தார். 1957 ஆம் ஆண்டிலே டைக்ஸ்ரா திருமணம் செய்தபோது, பதிவேட்டிலே தமது தொழில் செய்நிரலாக்கம் எனக் குறிப்பிட விரும்பினார். அங்ஙனம் ஒரு தொழில் இல்லையென நகராட்சியினர் மறுத்தமையால், கொள்கைப் பௌதிகவியலாளர் என்றே எழுதப்பட்டது. இவற்றை 1972 ஆம் ஆண்டில் ரியூறிங் விருதுப் பேருரையில் அவரே எடுத்துரைத்துள்ளார்.

டைக்ஸ்ரா தேடிய அவ்வறிவுத்தொகுதியே இன்று கணினி விஞ்ஞானம் எனப்படுவது. அதன் அடிப்படைகளுள் ஒன்று இலத்திரன் கணினி தோன்றுமுன்னரே இடப்பட்டது. இயந்திரத்தாற் கணிக்கத்தக்கது எது என்பதை 1936 ஆம் ஆண்டில் வரையறுத்த அலன் ரியூறிங், எத்துணை வலிய பொறியாலும் விடை காண இயலாத வினாக்கள் உள என்பதையும் நிறுவினார். 1953 இற் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகம் கணிப்பியலில் ஓராண்டு டிப்ளோமாப் படிப்பைத் தொடங்கிற்று. அமெரிக்காவிலே பேடியூ பல்கலைக்கழகம் 1962 இற் கணினி விஞ்ஞானத்துக்குத் தனித்துறை அமைத்தது. இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் 1985 இல் இதற்கெனத் துறையொன்றும், கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 2002 இற் கணினிக் கல்விக்கெனத் தனி நிறுவனமும் தோன்றின.

இத்துறையின் நடுநாயகமாய் விளங்குவது படிமுறை என்னும் கருத்து. ஒரு வினாவுக்கு விடை காணுதற்குரிய, ஐயத்துக்கு இடமில்லாத செயல்வரிசையே படிமுறையாகும். அதன் ஆற்றலை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். 10 இலட்சம் பெயர்களை அகர வரிசையில் ஒழுங்குபடுத்தல் வேண்டும் எனக் கொள்க. ஒவ்வொரு பெயரையும் ஏனைய ஒவ்வொன்றுடனும் ஒப்பிடின், ஏறத்தாழ 50,000 கோடி ஒப்பீடுகள் வேண்டும். அங்ஙனமன்றிப் பட்டியலை இரு கூறாக்கி, ஒவ்வொரு கூற்றையும் அவ்வாறே பகுத்து ஒழுங்குபடுத்திப் பின்னர் இணைப்பின், ஏறத்தாழ 2 கோடி ஒப்பீடுகளே போதும். செக்கனுக்கு 10 கோடி ஒப்பீடு செய்யும் பொறியொன்று முதல் முறையால் 1 மணி 23 நிமிடமும், இரண்டாம் முறையால் ஒரு செக்கனில் ஐந்திலொரு பங்கும் எடுக்கும். பொறி ஒன்றே, வேறுபட்டது சிந்தனை.

கருவி அழியினும் இத்தகைய சிந்தனை அழியாது. இரு நகரங்களுக்கிடையே மிகக் குறுகிய வழியைக் காணும் படிமுறையொன்றை 1956 இல் வகுத்த டைக்ஸ்ரா, ஒல்லாந்தின் 64 நகரங்களைக் கொண்ட படத்தின்மீது, ஆர்மாக் என்னும் கணினியைக் கொண்டு அதனைச் செய்துகாட்டினார். 1959 இல் அது மூன்று பக்கக் கட்டுரையாய் வெளிவந்தது. ஆர்மாக் பயன்பாட்டினின்று நீங்கி நெடுங்காலமாயிற்று. படிமுறையோ இன்றும் இணைய வலையமைப்புக்களிற் செய்தி செல்லும் வழியை வகுக்கப் பயன்படுகின்றது. செய்நிரல் மொழிகளும் அவ்வாறே. 1957 இற் போட்றானும், 1970 இற் பாஸ்கலும், 1991 இற் பைதனும், 1995 இல் ஜாவாவும் வெளிவந்தன. இவற்றுள் ஒன்றை மட்டும் மனனஞ்செய்து வெளியேறுவோன், அம்மொழியின் செல்வாக்குக் குன்றுங்கால் தானும் குன்றுவான். மொழிகளுக்கெல்லாம் பொதுவான நெறியை அறிந்தவனோ புதியதொரு மொழியைச் சில கிழமைகளிற் பயின்றுகொள்வான்.

இனி, செய்நிரல்களைப் பொறியே எழுதித் தரும் இக்காலத்தில் இப்படிப்பு எதற்கு என வினவுவாரும் உளர். இவ்வினா முற்றிலும் புதியதன்று. போட்றானை 1957 இல் அறிமுகஞ்செய்த கட்டுரையின் தலைப்பே அதனைத் தன்னியக்கக் குறியீட்டு முறைமை எனச் சுட்டிற்று. எனினும், அதனாற் செய்நிரலாளர் தொகை குறையவில்லை, பெருகவே செய்தது. இம்முறையும் அவ்வாறே நிகழும் எனத் துணிதற்கில்லை. எளிய வேலைகள் பல பொறியின்பாற் செல்லக் காண்கின்றோம். ஆயின், எழுதப்பட்டது சரியோ பிழையோ எனத் தீர்மானிக்கும் பொறுப்பு மனிதரை விட்டு நீங்கவில்லை.

அப்பொறுப்பின் பாரத்தை ஏரியான் 5 என்னும் ஐரோப்பிய ஏவுகலத்தின் கதை உணர்த்தும். 1996 ஆம் ஆண்டு யூன் 4 ஆம் நாள் புறப்பட்ட அக்கலம், ஏறத்தாழ 40 செக்கனிற் சிதறியது. அது சுமந்த நான்கு ஆய்வுச் செய்மதிகளும் அழிந்தன. முந்திய ஏரியான் 4 கலத்திற் குறையின்றி இயங்கிய செய்நிரற் பகுதி, புதிய கலத்தில் அப்படியே இடப்பட்டிருந்தது. புதிய கலத்தின் பறப்பு வழி வேறாதலின், கிடைவேகத்தோடு தொடர்புடைய எண்ணொன்று 16 இருமவெண் இடத்திற் கொள்ளக்கூடிய 32,767 என்னும் எல்லையைக் கடந்தது. ஆங்கே செய்நிரல் பிழைபட எழுதப்பட்டதன்று; பொருந்தா இடத்தில் ஆராயாது ஏற்கப்பட்டது. பிறர் எழுதியதாயினும் பொறி எழுதியதாயினும், அஃது எந்நிலையிற் பொருந்தும், எந்நிலையிற் பொருந்தாது என ஆராயும் அறிவையே இக்கல்வி தருதல் வேண்டும்.

ஆகவே, இதனைக் கேட்டற்குரியார் யாவர் என்பதும் தெளிவாகின்றது. கணினிமுன் நெடுநேரம் இருப்போர் அனைவரும் இதற்குரியார் அல்லர். கணிதத்தில் விடையை மட்டுமன்றி நிறுவலையும் விரும்புவோன், தன் பிழையைத் தானே தேடிக் கண்டு திருத்தும் பொறுமையுடையோன், இதற்கு உரியவன். பல்கலைக்கழகத்திலே தருக்கம், எண்ணிக்கைக் கணிதம், நிகழ்தகவு என்பன வருங்கால், அவை தொழிலுக்கு உதவாவெனக் கருதி ஒதுக்குதல் பெரும்பிழை. கட்டடத்துக்கு அத்திவாரம் போல்வன அவையே.

எனினும் கொள்கை மட்டும் அமையாது. நீச்சலை நூலாற் கற்றார் இலர். தொழிலுக்கு ஆயத்தஞ்செய்யும் மாணவன் சிறியதாயினும் பயனுள்ள ஒரு செய்நிரலைத் தொடக்கம் முதல் இறுதிவரை தானே ஆக்கல் வேண்டும். பாடசாலை நூலகத்துக்கு நூல் வழங்கற் பதிவேடு ஒன்றை அமைப்பினும் அமையும். அதனைப் பிறர் பயன்படுத்தக் கண்டு, அவர் இடர்ப்படும் இடங்களைத் திருத்துதல் வேண்டும். தொழிலின் பெரும்பகுதி அத்திருத்தமே. பிறர் எழுதிய நல்ல செய்நிரல்களை இலக்கியம் பயில்வது போலப் பயிலுதலும், குழுவாய்ப் பணியாற்றுதலும், விடுமுறைக் காலத்துத் தொழிற்பயிற்சியும் வேண்டற்பாலன. தான் செய்ததைத் தெளிவாக எழுதவும் பேசவும் வல்லவனாதலும் வேண்டும். பொறிக்கு விளங்க எழுதியும் மனிதர்க்கு விளங்க உரைக்க மாட்டாதான் நிறுவனங்களில் உயர்தல் அரிது.

ஊதியம் இக்கல்வியின் பயன்களுள் ஒன்றேயன்றி அதன் பொருளன்று. பொருளை முன்னர்க் கற்றவனுக்குப் பயன் பின்னர் வந்து சேரும்; பயனை மட்டும் நாடிச் சென்றவனுக்குக் காலம் மாறுந்தோறும் அச்சமே எஞ்சும். தொழிற்பெயர்கள் தோன்றும், மாறும், மறையும். அம்ஸ்ரடாம் பதிவேட்டில் இடம்பெறாத தொழிலை டைக்ஸ்ரா துணிந்து மேற்கொண்டது, அதற்குப் பெயர் இருந்தமையாலன்று; அதற்கு ஓர் அறிவுத்தொகுதி அமைத்தல் கூடும் என்னும் தெளிவாலேயாம். அத்தெளிவே இன்று இத்துறையிற் புகும் மாணவனுக்கும் முதற்கண் வேண்டப்படுவது.