கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே

அன்னூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். 2006-ஆம் ஆண்டு தொடங்கிய அரசு இலவசத் திட்டத்தில் தமக்குக் கிடைத்த 14 அங்குலக் கலர் டெலிவிஷன் சென்ற மாதம்தான் கண்ணை மூடியதாம். அதன் ஸ்தானத்தில் 43 அங்குல ஃபுல் எச்டி பெட்டி ஒன்றை வாங்க அவர் ஆயத்தமாக இருக்க, பெங்களூரில் இருக்கும் மகனோ, 4கே விலை இறங்கும், அதுவரை பொறுங்கள் என்று தடுக்கிறானாம். "வாங்கிப் போடலாமுங்களா, பொறுக்கலாமுங்களா?" என்று முடிக்கிறார். கடிதத்தின் நடுவே, கட்டிலுக்கும் சுவருக்கும் பத்தடி இருக்கும் என்று ஒரு வரி தற்செயலாக வந்து விழுந்திருக்கிறது. விடை அந்த வரியில்தான் இருக்கிறது.

திரை என்பது புள்ளிகளின் கூட்டம் என்பதும், புள்ளி மிகுந்தால் படம் நுட்பமாகும் என்பதும் யாவரும் அறிந்த விஷயம். அதை விஸ்தரிக்கப் போவதில்லை. கடையில் யாரும் பேசாதது தூரம். சோமனூரில் என் மாமா வீட்டுத் தறிகளில் ஓடிய காடாத் துணியை வாங்க வருகிற வியாபாரி, சட்டைப் பையிலிருந்து ஒரு மடக்குக் கண்ணாடியை எடுத்துத் துணிமேல் வைத்து, அங்குலத்துக்கு எத்தனை இழை என்று குனிந்து எண்ணுவார். அதே துணி சட்டையாகித் தெருவில் போகும்போது எதிரே வருகிறவர் எவரும் இழையை எண்ணுவதில்லை, எண்ணவும் முடியாது. பழுதற்ற கண் பிரித்தறிவது ஏறத்தாழ ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணம். அதாவது ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள புள்ளிகள் பதினோரு அடிக்கு அப்பால் ஒன்றோடொன்று கலந்துவிடும். 43 அங்குலத் திரையின் அகலம் சுமார் 95 சென்டிமீட்டர். அதில் ஃபுல் எச்டிக்குரிய 1920 புள்ளிகளை நிரப்பினால் ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர். அவை ஆறடிக்குள்ளேயே கலந்து போகின்றன. 4கே பெட்டியின் புள்ளி அதிலும் பாதி. அந்த நுட்பத்தை முழுதும் அனுபவிக்க மூன்றடிக்கும் குறைவான தூரத்தில் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். பத்தடியில் படுத்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றே. வித்தியாசம் தெரியத் தொடங்க வேண்டுமானால் திரை 75 அங்குலத்தைத் தாண்ட வேண்டும். அன்பரின் சுவர் அதைத் தாங்குமா என்பது வேறு கேள்வி.

இங்கே ஒரு விசித்திரத்தைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. கடைகளில் எச்டி ரெடி என்று மலிவாக விற்கும் பெட்டியின் அளவு 1366-க்கு 768. எவர் வைத்த கணக்கு இது? அந்நாளைய கம்ப்யூட்டர் திரைகளுக்கு 1024-க்கு 768 என்பது வழக்கமான அளவு; உயரத்தை அப்படியே நிறுத்தி, அகலத்தைப் பதினாறுக்கு ஒன்பது என்ற விகிதத்துக்கு நீட்டியபோது 1365-ம் மூன்றில் ஒரு பங்கும் வந்தது. மூன்றில் ஒரு பங்குப் புள்ளியைத் திரையில் வைக்க இயலாதாகையால் 1366 ஆக்கினார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், 768 வரிகளில் நிகழ்ச்சி ஒளிபரப்பும் நிலையம் பூலோகத்தில் எதுவுமில்லை. நம் சாதாரணச் சேனல்கள் அனுப்புவது 576 வரி. எச்டி சேனல்கள் அனுப்புவது 1080. ஆகவே இந்தப் பெட்டி தனக்கு வருகிற எந்தப் படத்தையும் அவிழ்த்து மறுபடி நெய்தே ஆகவேண்டும். வரியை ஊடை, அதாவது குறுக்கிழை, என்று கொண்டால், சாதாரணச் சேனலில் மூன்று ஊடை வந்த இடத்தில் நான்கு ஊடை காட்டுகிறது. எச்டி சேனலில் 45 ஊடை வந்தால் 32-க்குள் அடக்குகிறது. வராத ஊடைக்கு அக்கம்பக்கத்து ஊடையைப் பார்த்து ஊகிப்பதைத் தவிர அதற்கு வேறு கதியில்லை. 32 அங்குலத்தில் இந்தக் கைவேலை கண்ணுக்குத் தெரியாது. 43-இல் கிட்டே போனால் தெரியும். ஃபுல் எச்டி பெட்டிக்கோ, எச்டி சேனலின் 1080 வரியும் ஒன்றுக்கு ஒன்றாக அப்படியே பொருந்துகிறது.

4கே பெட்டிக்குப் பழைய கேபிள் இணைப்பைக் கொடுப்பவர்களைப் பற்றி என்ன சொல்ல? நான்கு வரி வருகிற இடத்தில் அது பதினைந்து வரி காட்டவேண்டியிருக்கிறது. நாற்பதாம் நம்பர் நூலைக் கொடுத்துவிட்டு நூறாம் நம்பர் வேட்டி கேட்பதற்கு இது சமானம் என்பதை, ஆலையில் நூல் நூற்ற அன்பருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சினிமாத் தியேட்டர்களுக்குரிய 2கே அளவே 2048-க்கு 1080தான். அந்த அகன்ற திரைக்கே அது போதுமென்று ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள்.

மகன் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. கம்பெனிகள் தங்கள் நல்ல திரைகளை, ஒளியையும் இருளையும் ஆழமாகக் காட்டுகிறவற்றை, பெரும்பாலும் 4கே வரிசையில்தான் வைக்கின்றன. விலை ஏறக்குறைய ஒன்றானால் அதையே வாங்கலாம். பொறுமைக்குப் பலன் கிடைத்ததும் உண்டு: 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கியபோது, காத்திருந்தவர்கள் லாபமடைந்தார்கள். அது வரியின் விஷயம், புள்ளியின் விஷயமல்ல. புள்ளிக்காகக் காத்திருப்பதற்கு முடிவே கிடையாது. ஜப்பானில் 2018 டிசம்பரிலேயே 8கே ஒளிபரப்பு தொடங்கிவிட்டது.

புள்ளியின்மேல் இத்தனை விசாரம் கொள்கிறவர்கள், வாங்கிய பின் படத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதுதான் என் மனத்தாங்கல். நம் கோயமுத்தூர் பட்சிராஜா ஸ்டூடியோவில் உருவாகி 1954-இல் வந்த 'மலைக்கள்ளன்' ஒரு வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஏறக்குறையச் சதுரமான அந்தப் பழம்படத்தை அகன்ற திரை முழுவதற்கும் இழுத்துவிட்டிருந்ததால், எம்.ஜி.ஆர். இரண்டு சுற்றுப் பெருத்து, குதிரையோ எருமையின் சாயலில் ஓடிற்று. வீட்டார் ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ரிமோட்டில் படத்தின் விகிதத்தை மாற்றும் வசதியைத் தேடி நான் அழுத்தியதும், இரு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிகிறதே, பெட்டி பழுதாகிவிட்டதா என்று கேட்டார்கள்! கடையில் கண்ணைப் பறிப்பதற்கென்று வைத்த பளபளப்பு நிறத்தை வருஷக்கணக்கில் மாற்றாமலே பார்க்கிறவர்களும் அநேகர்.

ஆகவே அன்பரே, பத்தடி தூரத்துக்கு 43 அங்குல ஃபுல் எச்டி தாராளமாகப் போதும். இந்த வாரமே கோவை கிராஸ்கட் ரோட்டுக் கடைகளுக்குப் புறப்படலாம். மிச்சமாகும் பணத்தில் எச்டி இணைப்பு வாங்குங்கள். பழைய 14 அங்குலப் பெட்டியை மட்டும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அதன் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. செம்புக் கம்பியை உருவிக்கொண்டு, குழாயை உடைத்துக் குட்டையோரம் கொட்டிவிடுகிறார்கள். எலெக்ட்ரானிக் கழிவு வாங்க அனுமதி பெற்றவர் கோவையில் எவரென்று விசாரித்து, அவரிடம் சேர்த்துவிடுங்கள்.