ரேட்டிங்கில் 250 புள்ளி பின்னால்... ஆனாலும் கார்ல்சனை வீழ்த்திய பாடி பையன்! செஸ் ரேட்டிங் என்னதான் சொல்கிறது?

2022 பிப்ரவரி. ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் ஆன்லைன் ரேபிட் போட்டியின் 8-வது சுற்று. எதிரே உலக சாம்பியன் மேக்னஸ் கார்ல்சன். சென்னை பாடியைச் சேர்ந்த 16 வயது பிரக்ஞானந்தா, கறுப்புக் காய்களுடன் ஆடி 39 நகர்த்தல்களில் அவரை வீழ்த்தினார்.

கார்ல்சனின் ஃபிடே ரேட்டிங் 2,860-ஐத் தாண்டியிருந்த நேரம் அது. பிரக்ஞானந்தாவுக்கோ சுமார் 2,600. அப்போ, ரேட்டிங்குக்கு என்னதான் அர்த்தம்?

ரேட்டிங் எப்படி வேலை செய்கிறது?

அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் அர்பட் ஈலோ உருவாக்கிய கணக்கு இது. 1970-ல் ஃபிடே ஏற்றுக்கொண்டது. இருவருக்கும் உள்ள புள்ளி வித்தியாசத்தை வைத்து, யாருக்கு எவ்வளவு ஸ்கோர் கிடைக்கும் எனக் கணிக்கும்.

வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை. 250 புள்ளி பின்தங்கியவர் 100 ஆட்டம் ஆடினால், சுமார் 19 புள்ளி எடுப்பார் என்கிறது கணக்கு. ஜெயிப்பது கஷ்டம்தான், ஆனா நடக்காத விஷயம் இல்லை. அதிலும் ரேபிடில் தலா 15 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதலாக 10 விநாடி. நேரம் குறையக் குறைய, பெரிய ஆட்டக்காரரும் தடுமாற வாய்ப்பு அதிகம்.

தோற்றால் யாருக்கு நஷ்டம்?

அம்பத்தூரிலிருந்து ஓபன் டோர்னமென்ட்டுக்குப் போகும் 12 வயதுப் பிள்ளை. ரேட்டிங் 1,600 என்று வைத்துக்கொள்வோம். எதிராளி 2,000 ரேட்டிங் உள்ள பெரியவர். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு, 2,300-ஐ எட்டும்வரை, ஏற்ற இறக்கக் குணகம் 40. பெரியவருக்கு 20.

பிள்ளை ஜெயித்தால் சுமார் 37 புள்ளி ஏறும். டிரா செய்தாலே 17 கிடைக்கும். தோற்றால் போவது 3 புள்ளிதான். பெரியவருக்கோ வெற்றியில் 2 புள்ளிகூட முழுசா வராது. தோல்வியில் 18 போய்விடும். வேகமாக வளரும் சிறுவர்களோடு மோத சீனியர்கள் தயங்குவது இதனால்தான். பிள்ளையின் ரேட்டிங், அதன் இன்றைய பலத்தை எட்டிப்பிடிக்கக் கொஞ்ச காலம் ஆகும்.

அந்த வெற்றிக்கு எத்தனை புள்ளி?

2022 வெற்றியால் பிரக்ஞானந்தாவின் ஃபிடே ரேட்டிங் ஒரு புள்ளிகூட ஏறவில்லை. அந்த ஆன்லைன் போட்டி கணக்கில் வராது. 2024 மே மாதம் நார்வேயின் ஸ்டாவாங்கரில் கிளாசிக்கல் ஆட்டத்தில் முதன்முறையாக கார்ல்சனை வென்றார். அப்போது இடைவெளி சுமார் 80 புள்ளி. கிடைத்தது சுமார் 6.

பேரிங் பட்டியலில் பெரிய ரேட்டிங்கைப் பார்த்துப் பிள்ளை பயந்தால், பெற்றோர் இந்தக் கணக்கைச் சொல்லலாம்: போனால் 3, வந்தால் 37.