வாழை விட்டுச்சென்ற கண்ணாடித் துகள்

விவசாயம் பிறந்த கதையை இதுவரை பெரும்பாலும் தானியங்களே சொல்லிவந்திருக்கின்றன. கருகிய கோதுமை மணி பல்லாயிரம் ஆண்டுகள் கெடாமல் கிடக்கும். வாழையும் கிழங்கும் நட்டவர்கள் எதை விட்டுச் சென்றார்கள் என்று கேட்கிறார் ஒரு வாசகர். பதில் பப்புவா நியூகினியின் மலைநாட்டில், சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள வாகி பள்ளத்தாக்கின் குக் சதுப்பு நிலத்தில் இருக்கிறது.

வரலாறு சுருக்கமாக: ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஜாக் கோல்சன் 1970களில் இங்கே தோண்டினார். டிம் டென்ஹாமின் குழு அதே இடத்தை மீண்டும் ஆராய்ந்து 2003இல் முடிவுகளை வெளியிட்டது. 2008இல் குக், யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது.

சுவையான விஷயம் பைட்டோலித் எனப்படும் தாவரக் கல். மண்ணில் கரைந்திருக்கும் சிலிக்காவை வேர் நீரோடு சேர்த்து உறிஞ்சுகிறது. நீர் இலை வழியே ஆவியாகிவிட, சிலிக்கா செல்லுக்குள் படிந்து கண்ணாடிபோல் இறுகுகிறது. பணியாரக் கல்லின் குழியில் மாவு ஊற்றியது போலத்தான். குழியின் வடிவமே பணியாரத்தின் வடிவம். இங்கே கல் மக்கிப்போகிறது, பணியாரம் மட்டும் மிஞ்சுகிறது. எந்த வீட்டுக் கல்லில் வெந்தது என்பதைப் பணியாரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். எலும்பைக் கரைத்துவிடும் அமிலச் சதுப்பும் இதை ஒன்றும் செய்வதில்லை.

வாழையிலையின் துகள் தனி ரகம்: உச்சியில் குழி விழுந்த குட்டி எரிமலை. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான், ஆனால் நுண்ணோக்கியில் அது வாழைக் குடும்பத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். குக்கில் ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முந்தைய மண்ணடுக்கில் இவை ஏராளம். காட்டு வாழையாக இருக்கலாமே? இருக்கலாம். ஆனால் பள்ளத்தாக்கு அப்போது அடிக்கடி தீவைக்கப்பட்ட புல்வெளி என்று மகரந்தமும் கரித்தூளும் காட்டுகின்றன. அப்படிப்பட்ட வெட்டவெளியில் வாழை தானாக இவ்வளவு பெருகாது. அதே அடுக்கில் மனிதர் மண்ணைக் கூட்டி அமைத்த மேடுகள் வரிசையாக இருக்கின்றன. ஈரம் பிடிக்காத வாழைக்கு மேடு, ஈரம் கேட்கும் சேம்புக்கு இடைப்பள்ளம் என்று நட்டிருந்தால் இந்த அமைப்பு கச்சிதமாகப் பொருந்தும்.

‘10,000 ஆண்டு பழமையான தோட்டம்’ என்று வரும் தலைப்புகளை மட்டும் நிதானமாகப் படிக்க வேண்டும். அந்தப் பழைய அடுக்கில் கிடைத்தவை குழிகள், கம்பு ஊன்றிய துளைகள், ஒரு நீரோட்டத் தடம். இவற்றில் சிலவற்றை நீரே அரித்திருக்கக்கூடும் என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். கற்கருவிகளில் ஒட்டியிருந்த சேப்பங்கிழங்கின் மாவுத்துகள், கிழங்கை வெட்டியதற்குச் சாட்சி. நட்டு வளர்த்ததற்கு அல்ல.

7,000 ஆண்டுக் கணக்கே பழைய கருத்து ஒன்றை உடைக்கப் போதுமானது. நியூகினிக்கு விவசாயத்தை ஆசியாவிலிருந்து கடலோடிகள் கொண்டுவந்தார்கள் என்றே நெடுநாள் நம்பப்பட்டது. அந்த ஆஸ்திரோனேசியக் கடலோடிகள் அருகிலுள்ள தீவுகளை அடைந்தது சுமார் 3,300 ஆண்டுகளுக்கு முன்புதான். மலைநாட்டார் அதற்குள் மேடு கட்டி முடித்து, வடிகால் வாய்க்கால்களும் வெட்டத் தொடங்கியிருந்தார்கள்.