நெளிதாளின் பலம்

நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தில் வேலை ஓய்வு என்றால் பெரும்பாலும் வீடு மாறுவதும் சேர்ந்தே வரும். லயத்து வீடு நிர்வாகத்துக்குச் சொந்தம். நிலமே கைமாறி நகரமாவதும் உண்டு. சிரம்பான் 2 எழுந்த இடம் முன்பு தோட்டம்தான். தாமானுக்குக் குடிபோகும் குடும்பத்துக்கு லோரி வாடகையே பாரம். பெட்டிக்கும் காசு கொடுக்க வேண்டாம். மளிகைக் கடைப் பின்புறம் கிடக்கும் அட்டைப்பெட்டிகளே போதும். எதை எடுப்பது என்று மட்டும் தெரிய வேண்டும்.

அட்டையின் ஓரத்தை உற்றுப் பாருங்கள். இரண்டு தட்டைத் தாள்களுக்கு நடுவே, அலை அலையாக நெளிந்த தாள் மாவுப்பசையால் ஒட்டியிருக்கும். 1856இல் இங்கிலாந்தில் தொப்பியின் உள்பட்டைக்காகக் காப்புரிமை பெற்றது இந்த நெளிதாள். 1871இல் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஜோன்ஸ் அதைப் புட்டிகளைச் சுற்றப் பயன்படுத்தினார். அது பெட்டியாக மாறியது அதற்குப் பிறகுதான்.

நெளிவுகள் மேலிருந்து கீழாக நிற்கும்போது ஒவ்வொன்றும் ஒரு சிறு தூண். படுக்கவைத்தால் அந்தப் பலம் பெருமளவு குறைந்துவிடும். அடுக்கிய பாரத்தில் பெரும்பங்கை நான்கு மூலைகளே தாங்குகின்றன. அதனால் மூலைமேல் மூலை வரும்படி அடுக்குங்கள். மூலை நசுங்கிய பெட்டியைத் தொடவே வேண்டாம். சமையல் எண்ணெய், டின்பால் வந்த பெட்டிகள் சிறியவை, கெட்டியானவை: புத்தகத்துக்கும் பாத்திரத்துக்கும் அவைதான். தட்டுகளை நாளிதழில் சுற்றி நிமிர்த்தி வையுங்கள். மீ பெட்டி பெரிதாக இருந்தாலும் மெல்லியது, தலையணைக்குப் போதும். துணிக்குப் பெட்டியே எதற்கு? சாரோங்கில் மூட்டை கட்டலாம்.

அட்டையின் உண்மையான எதிரி ஈரம். காகிதம் காற்றிலிருந்தே நீரை உறிஞ்சும். புழுக்கம் மிகுந்தால் பலம் பாதியளவு குறைந்துவிடும். நாட்டிலேயே மழை குறைந்த பகுதி என்று பெயர்பெற்ற ஜெலுபுவில்கூட ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் பெய்கிறது. அதனால் மாதக்கணக்கில் பெட்டி சேர்த்துவைப்பது வீண். கடைசி வாரத்தில் கேட்டு வாங்குங்கள். சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். ஒருமுறை நனைந்தது காய்ந்தாலும் பழைய பலம் முழுதாகத் திரும்பாது. மாவுப்பசை கரப்பானுக்குத் தீனி. மடிப்புகளை விரித்து, முட்டைக்கூடு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகே வீட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

புது வீட்டில் பெட்டிகளைப் பிரித்ததும் கொளுத்திவிடாதீர்கள். தட்டையாக மடக்கி, லயத்திலிருந்து அடுத்துக் கிளம்பும் குடும்பத்துக்குக் கொடுத்தனுப்புங்கள்.