முதற் படத்துக்கு எந்தக் காமிரா?

திரைப்படக் கலையில் புக விரும்பும் இளைஞர் முதலில் கேட்கும் வினா, "எந்தக் காமிராவை வாங்கலாம்?" என்பதே. இயல்பான வினாதான். ஆயினும், பிறந்த ஊரை விட்டு மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் உழைத்து வாழும் நம்மவர்க்கு ஒரு காமிராவின் விலை பல மாதச் சேமிப்பாகும். வீட்டு வாடகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் போக எஞ்சியதைக் கொண்டு வாங்கும் பொருள், பெட்டியில் உறங்கலாகாது. ஆதலால் வினாவைச் சற்றே மாற்றிக் கேட்டுக்கொள்வோம்: நாம் எடுக்கப்போவது எத்தகைய படம்? அதற்கு இன்றியமையாதவை எவை?

விலையுயர்ந்த கருவியே நல்ல படத்தைத் தரும் என்னும் எண்ணத்தை வரலாறு பொய்யாக்கியுள்ளது. சத்யஜித் ராய் 1952-இல் 'பாதேர் பாஞ்சாலி'யின் படப்பிடிப்பைத் தொடங்கியபோது, ஒளிப்பதிவை ஏற்ற சுப்ரத மித்ரா ஏறத்தாழ 22 வயதினர். அதற்கு முன் திரைப்படக் காமிராவை இயக்கி அறியாதவர். காமிராவும் வாடகைக்கு எடுத்ததே. 1955-இல் வெளிவந்த அப்படம் உலகப் புகழ் எய்தியது. அமெரிக்க இயக்குநர் ஷான் பேக்கர் 2015-இல் வெளியிட்ட 'டாஞ்சரின்' என்னும் படமோ கைப்பேசியாலேயே எடுக்கப்பட்டது. ஆனால் அதன் ஒலி கைப்பேசியால் பதிவானதன்று; தனிக் கருவிகளால் பதிவாயிற்று. இச்செய்தி நம் கருத்தில் நிற்கவேண்டியது.

காமிரா இல்லாதவர் முதற் பயிற்சியைக் கைப்பேசியிலேயே தொடங்கலாம். மூன்று நிமிடத்தில் ஒரு சிறு படம் எடுத்துப் பார்க்கட்டும். தாராவித் தெருவில் பொங்கற் பானைகள் வரிசையாக ஏறுவதை எடுக்கலாம். ஊரை விட்டு வந்த கதையைத் தாத்தா சொல்வதை எடுக்கலாம். எடுத்ததைப் பார்க்கும்போது குறைகள் தாமே தோன்றும். ஒளி மாறுந்தோறும் படம் தானாக வெளுத்துக் கறுக்கும். அறை இருண்டால் புள்ளி புள்ளியாய்க் கலங்கும். பேச்சைவிட மின்விசிறியின் இரைச்சல் மேலோங்கும். இவற்றுள் எது நமக்குப் பெருந்தடையோ, அதை நீக்கும் கருவியே நாம் வாங்கவேண்டியது.

இனி, வாங்கும்போது நோக்கவேண்டியவற்றைக் கூறுவோம். முதலாவது, ஒளியின் அளவையும் ஃபோகசையும் நம் கையால் அமைக்க இடம் தரும் காமிராவாக இருத்தல் வேண்டும். இரண்டாவது, வெளி மைக்கைப் பொருத்தும் துளை இருத்தல் வேண்டும். மலிவான காமிராக்கள் பலவற்றில் இஃது இராது. மூன்றாவது, எவ்வளவு நேரம் இடைவிடாது பதியும் எனக் கேட்டறிய வேண்டும். நிழற்படத்துக்கென அமைந்த காமிராக்கள் பல, அரைமணி நேரத்தில் தாமே நின்றுவிடும். பெரியவர் ஒருவர் மனம் திறந்து பேசும் வேளையில் அது நின்றுபோனால் அந்தப் பேச்சு மீண்டும் வாராது.

நான்காவது லென்ஸ். காமிராவுடன் சேர்த்துத் தரும் லென்ஸ் எஃப் 5.6 அளவே திறக்குமிடத்தில், எஃப் 1.8 வரை திறக்கும் லென்ஸ் ஒன்பது மடங்குக்கும் மேலான ஒளியை உள்ளே விடும். இவ்வகையில் 50 மில்லிமீட்டர் லென்ஸ் மலிவாகக் கிடைக்கும். ஆனால் மும்பைச் சால் ஒன்றின் சிற்றறையில் அதைக் கொண்டு முகத்தையன்றி வேறெதையும் காட்டல் அரிது. நாம் எடுக்கும் இடம் சிறிதாயின், 24 அல்லது 35 மில்லிமீட்டர் லென்சே உதவும்.

'ஃபோர் கே' என்னும் சொல்லைக் கேட்டு மயங்க வேண்டுவதில்லை. அது முழு எச்.டி. படத்தைப்போல் நான்கு மடங்கு நுண்புள்ளிகள் கொண்டது, மெய்தான். ஆயினும் நொடிக்கு 100 மெகாபிட் என்னும் வேகத்தில் பதிந்தால், ஒரு மணி நேரப் படம் 45 ஜிகாபைட் இடத்தை விழுங்கும். அதைத் தொகுக்கும் கணினிக்கும் சேமிக்கும் தட்டுக்கும் தனிச் செலவு உண்டு. தொடக்கநிலையினர்க்கு முழு எச்.டி. போதும்.

நம் நாட்டுக்குரிய மற்றொரு செய்தியும் உண்டு. இங்கே மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. அதனால் விளக்குகள் பல, நொடிக்கு 100 முறை மங்கித் தெளியும். கண்ணுக்குப் புலனாகாத இவ்வசைவு படத்தில் பட்டை பட்டையாய் மினுக்கும். நொடிக்கு 25 படங்கள், ஷட்டர் நொடியில் 50-இல் ஒரு பங்கு என அமைத்துக்கொண்டால் பெரும்பாலும் இக்குறை நீங்கும்.

நிற்க. கையிலுள்ள பணம் முழுவதையும் காமிராவிலேயே செலவிடுதல் தகாது. நாற்பதாயிரம் ரூபாய் சேர்த்தவர், இருபத்தைந்தாயிரத்துக்குள் காமிராவையும் லென்சையும் முடித்துக்கொள்ளட்டும். எஞ்சியதில் சட்டையில் செருகும் மைக், உறுதியான முக்காலி, மாற்று பாட்டரி, இரண்டு மெமரி கார்டு ஆகியவற்றை வாங்கலாம். படம் சற்றே மங்கினும் காண்போர் பொறுப்பர். பேச்சு விளங்காவிடில் எழுந்து போய்விடுவர். விளக்குக்கு மித்ரா காட்டிய வழி இருக்கிறது. 1956-இல் வந்த 'அபராஜிதோ'வில், விரித்த வெள்ளைத் துணியில் விளக்கொளியைப் பாய்ச்சி, அதனின்று மீளும் மென்மையான ஒளியிலே அவர் படம் பிடித்தார். நம் வீட்டு வேட்டியும் அதற்கு உதவும்.

பழைய காமிரா வாங்குவதில் இழிவொன்றுமில்லை. தில்லிச் சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரி, கொல்கத்தாவின் மெட்ரோ கல்லி, மும்பைக் கோட்டைப் பகுதியின் போரா பஜார் ஆகியன காமிரா வணிகத்துக்குப் பெயர்பெற்றவை. கடலோர ஈரக்காற்றால் லென்சினுள் பூஞ்சை படர்வதுண்டு. விளக்கின் எதிரே பிடித்து உள்ளே நோக்கினால் சிலந்தி வலைபோல் தெரியும். கடையிலேயே பத்து நிமிடம் பதிந்து, ஹெட்போன் வைத்துக் கேட்டு, பில்லுடன் வாங்குதல் நன்று. ஓரிரு நாட்கள் வாடகைக்கு எடுத்துப் பழகிய பின் வாங்குதல் அதனினும் நன்று.

காமிராவின் விலை அடுத்த ஆண்டு இறங்கலாம். மேலும் சிறந்தது வரலாம். ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தகரப் பெட்டியுடன் இரயிலேறி வந்த பெரியோர் அதுவரை காத்திருப்பர் என்பதற்கு உறுதியில்லை. அவர்தம் சொல்லையும் முகத்தையும் இருக்கும் கருவியைக் கொண்டு இன்றே பதிவோம். பதிந்ததை இரண்டு இடங்களில் பிரதியெடுத்து வைப்போம். நம் முதற் படம் அதுவாகவே அமையட்டும்.